ஒரு பக்கத்தில் எத்தனை 'இங்கே கிளிக் செய்யவும்'? கல்வித் தளங்கள் பற்றிக் கேள்வி பதில்

பொதுமக்களுக்கான கல்வி இணையதளங்களைப் பலதரப்பட்டவர்களும் பயன்படுத்தும்படி எப்படி அமைப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்குக் கண் தெரியும், காது கேட்கும், கை நடுங்காது. அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல், அப்படி இல்லாதவர்களின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்த்துத் தெரிந்துகொண்டது.

கேள்வி (முதல்முறையாகக் கல்வித் தளம் வடிவமைப்பவர்): மேடம், எங்கள் திட்ட அறிக்கையில் 'பயனர்கள்: அனைவரும்' என்று போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அந்த 'அனைவரும்' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அப்படியே விட்டால், கூட்டத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேர் தங்களையே மனதில் வைத்துத் தளத்தை முடித்துவிடுவார்கள்.

வருகிறவர் என்ன வேலையாக வருகிறார் என்று எழுதுங்கள். நாளைக்குத் தேர்வு என்ற நிலையில் ஒரே ஒரு பாடத்தைத் தேடி வரும் மாணவர். மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த அம்மா. இதற்குமுன் இணையத்தில் ஒரு படிவமும் நிரப்பியதில்லை. வகுப்புக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வரைபடம் தேடும் ஆசிரியர். விட்ட படிப்பைப் பல வருடம் கழித்துத் தொடர நினைப்பவர். அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கேளுங்கள்: இதைக் கண்ணால் பார்க்காமல் செய்ய முடியுமா? மவுஸ் இல்லாமல்? நடுவில் டேட்டா தீர்ந்துபோனால்? தளத்தின் மொழி அவருக்கு இரண்டாம் மொழியாக இருந்தால்?

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு உதவித்தொகைப் படிவம். ஒரு அம்மா போனில் நிரப்பிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளேயே மங்கலாக 'குடும்ப ஆண்டு வருமானம்' என்று இருந்தது. எண்ணைத் தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிட்டது. ஆண்டா, மாதமா என்று சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தார். பிறந்த தேதிக்கு ஒரு நாட்காட்டி திறந்தது, இந்த மாதத்தில். மகளுக்கு 17 வயது. மாதம் மாதமாகப் பின்னால் போக 200 தடவைக்கு மேல் அம்புக்குறியை அழுத்த வேண்டும். முப்பது, நாற்பது தடவை அழுத்தியவர், சாதிச் சான்றிதழ் எண்ணைப் பார்க்க எழுந்து போனார். திரும்பி வந்தால் 'உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்'. இவருக்குப் பார்வையிலோ கேட்பதிலோ எந்தச் சிரமமும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

பெயர்களைப் பெட்டிக்கு வெளியே, மேலே எழுதினோம். தேதிக்கு நாள், மாதம், வருடம் என்று மூன்று சின்னப் பெட்டிகள். பாதியில் விட்டதைச் சேமிக்க ஒரு வழி. நேரம் முடியுமுன் ஓர் எச்சரிக்கை. இதற்கெல்லாம் இரண்டு நாள்கூட ஆகவில்லை.

கேள்வி (அதே நண்பர்): இதற்கு உலகளவில் விதிமுறை ஏதோ இருக்கிறதாமே?

இருக்கிறது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பார்கள், இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு முதல் பதிப்பை 1999-ல் வெளியிட்டது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. கண்டிப்பு ஏறும் வரிசையில் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என மூன்று நிலைகள். பொதுத் தளம் என்றால் இரட்டை ஏ-யைக் குறிவையுங்கள். ஆனால் எல்லாப் பெட்டியிலும் டிக் விழுந்தும் ஒருவராலும் பயன்படுத்த முடியாத தளத்தை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன நாட்காட்டியையே கீபோர்டிலும் இயங்கும்படி எழுதிவிட்டால் அது தேறிவிடும். அந்த அம்மா அப்போதும் 200 தடவை அழுத்துவார்.

கேள்வி (வரைகலைஞர்): மெல்லிய சாம்பல் எழுத்துதான் கண்ணுக்கு இதம். அதையும் கூடாது என்பீர்களா?

உங்கள் கண்ணுக்கு, உங்கள் நல்ல மானிட்டரில் இதம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக் குறியீடு உள்ள சாம்பல் தேறிவிடும், #777777 தேறாது. எல்லைக்கோடு அவ்வளவு நெருக்கமானது. வெயிலில் நின்று போன் பார்க்கிற நல்ல கண்ணுக்கும் அதே கதைதான்.

நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். தேர்ச்சி என்றால் பச்சைப் புள்ளி, தோல்வி என்றால் சிவப்புப் புள்ளி என்று ஒரு முடிவுப் பக்கம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத மாணவனுக்கு இரண்டும் ஒரே பழுப்பு. பாஸா ஃபெயிலா என்று அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. புள்ளிக்குப் பக்கத்தில் 'தேர்ச்சி' என்ற ஒரு சொல் போதும்.

கேள்வி (பார்வையற்ற கல்லூரி மாணவர்): பாடநூல்கள் பி.டி.எஃப். ஆக இருக்கின்றன. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் சிலவற்றைப் படிக்கிறது, சிலவற்றில் மௌனம், சிலவற்றில் உளறல். ஏன் இந்த வித்தியாசம்?

மூன்றுக்கும் மூன்று காரணம் தம்பி. மௌனமாக இருப்பது ஸ்கேன் செய்தது. கோப்பில் எழுத்தே இல்லை, பக்கத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. உளறுவது பெரும்பாலும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்ற பொதுத் தரத்துக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். உள்ளே இருப்பது அர்த்தமில்லாத ரோமன் எழுத்துகளும் குறிகளும். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்? தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினாலும் வராது.

இணையப் பக்கத்திலேயே உளறினால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலம் என்று மொழிக் குறியீடு போட்டிருப்பார்கள். மென்பொருள் அதை நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிடும்.

தளம் நடத்துபவர்களுக்கு: பி.டி.எஃப். அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாடத்தைச் சாதாரண இணையப் பக்கமாகவும் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், அதிகம் இறக்கப்படும் இருபது கோப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். சோதித்துப் பார்க்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் கணினிக்கான என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஸ்கிரீன் ரீடர் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி (அறிவியல் ஆசிரியை): படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் விளக்கம், எழுதச் சொல்கிறார்கள். இதயத்தின் படத்துக்கு 'இதயம்' என்று எழுதினேன். போதாதாம்.

போதாதுதான் டீச்சர். ஆனால் எவ்வளவு எழுதுவது என்பதைப் படம் தீர்மானிக்காது, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். பாடத்தின் முகப்பில் அழகுக்கு வைத்த இதயம் என்றால் மாற்று உரையைக் காலியாகவே விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும். மாற்று உரைக்கான இடத்தையே எடுத்துவிடாதீர்கள், அப்புறம் அது கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து உயிரை வாங்கும்.

ரத்த ஓட்டத்தை விளக்கும் படம் என்றால், கண் தெரிந்த மாணவி அம்புக்குறிகளில் எதைப் படிக்கிறாளோ அதை எழுதுங்கள்: 'வலது ஏட்ரியத்திலிருந்து வலது வென்ட்ரிக்கிளுக்கு, அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்கு…' என்று. நீளமாகப் போனால் படத்துக்குக் கீழே எல்லாருக்கும் தெரியும்படி ஒரு பத்தியாகவே வைத்துவிடலாம்.

அதே படம் தேர்வுக் கேள்வியில் வந்தால்? 'அ என்று குறிக்கப்பட்ட பகுதி எது?' என்ற கேள்வியில் 'இடது வென்ட்ரிக்கிள்' என்று எழுதினால் விடையைக் கொடுத்துவிட்டீர்கள். 'கீழ்ப்பகுதியில் உள்ள, மற்றவற்றைவிடத் தடித்த சுவருடைய அறை, அ எனக் குறிக்கப்பட்டுள்ளது' என்று எழுதலாம். இதை ஒரு வடிவமைப்பாளரால் எழுத முடியாது, பாடம் நடத்துகிறவரால்தான் முடியும். அதனால்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்கள், கோபப்படாதீர்கள்.

கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல், இணையத்தில் சமன்பாடு எழுதுவதற்கான குறிமொழியான மேத்எம்எல்-இல் கொடுங்கள்.

கேள்வி (காது கேளாத மாணவியின் அப்பா): வீடியோ பாடங்களில் தானியங்கி வசன வரிகள் இருக்கின்றன. மகள் பார்த்துவிட்டுப் புரியவில்லை என்கிறாள்.

இரண்டு விஷயம் இருக்கலாம் சார். தானியங்கி வசனம் அன்றாடப் பேச்சில் ஓரளவு தேறும். கலைச்சொல் வந்தால் தடுமாறும். பாடமே கலைச்சொல்தான். ஆசிரியர் ஒருவர் முழுக்கப் படித்துத் திருத்தாமல் வெளியிடவே கூடாது.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் மகளின் முதல் மொழி சைகை மொழியா? அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. அவளுக்கு வசன வரி என்பது இரண்டாம் மொழியில் வேகமாக ஓடும் எழுத்து. முக்கியமான பாடங்களுக்காவது சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதுவும் மூலையில் தபால்தலை அளவில் இல்லாமல். முழு உரை வடிவத்தையும் பக்கத்தில் வையுங்கள் என்று தளத்தாரிடம் கேளுங்கள். அவள் தன் வேகத்தில் படிக்கலாம். டேட்டா குறைவாக உள்ள பிள்ளைகளும் அதைத்தான் திறப்பார்கள்.

கேள்வி (திட்ட மேலாளர்): ஒரு ஐகான் வைத்தால் போதும், தளம் முழுக்க எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பெட்டிக்குப் பெயர் இல்லாத படிவத்துக்கு அந்த ஐகான் பெயர் வைக்காது, வைத்தாலும் ஊகம்தான். ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவரிடம் அவருக்குப் பழகிய கருவி ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கொடுப்பது அதோடு சண்டை போடும். அந்தப் பணத்தை அடுத்த கேள்விக்கான பதிலில் செலவழியுங்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் போதும் என்று படித்தேன். உண்மையா?

இணையதளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் யாக்கோப் நீல்சன் 2000-ல் எழுதியது. ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அது ஒரே மாதிரியான பயனர்களுக்கு. வெவ்வேறு வகைப் பயனர்கள் என்றால் ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பார்வையற்ற ஒருவர், கை நடுங்கும் ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவர், மற்ற வகைகளில் இருவர் என்று எடுத்துக்கொண்டு 'ஐந்து பேர் ஆயிற்று' என்றால் ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஆள்தான் கிடைத்தார்.

வருகிறவர்களுக்குப் பணம் கொடுங்கள். 'உங்களைச் சோதிக்கவில்லை, தளத்தைச் சோதிக்கிறோம்' என்று முதலிலேயே சொல்லுங்கள். அப்புறம் பேசாதீர்கள். இதுதான் கஷ்டம். பொத்தான் எங்கே இருக்கிறது என்று வாய் நுனி வரை வரும்; எனக்கு இன்றைக்கும் வருகிறது.

கேள்வி (சிறப்புக் கல்வி ஆசிரியர்): டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைகளுக்குத் தனி எழுத்துரு போடலாமா?

பிள்ளையே விரும்பிக் கேட்டால் தேர்வு செய்யும் வசதி கொடுங்கள். எல்லாருக்கும் அதையே மாற்றி வைக்க வேண்டாம். இடைவெளிதான் அதிகம் உதவுகிறது. தமிழில் 'கு', 'ஞூ' போன்றவற்றின் கால் கீழே இறங்கும், 'கீ', 'டி'-யின் சுழி மேலே போகும். வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காவது வையுங்கள். இரு ஓரமும் சமமாக வரும்படி அடுக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையில் நடுநடுவே ஓட்டை விழும்.

கேள்வி (பள்ளித் தளத்தில் பதிவேற்றம் மட்டும் செய்பவர்): எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நிறையவே. ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் பல நேரம் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். ஒரு தளத்தில் அப்படிக் கேட்டபோது 'இங்கே கிளிக் செய்யவும்' என்று பதினான்கு தடவை வந்தது. பக்கத்தில் இருந்த மாணவர் சிரித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பத்தாவதில் அவர் தேடிய கால அட்டவணை இருந்தது. நீங்கள் 'பத்தாம் வகுப்புத் தேர்வுக் கால அட்டவணை' என்ற சொற்களையே இணைப்பாக்குங்கள்.

தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், எடிட்டரில் உள்ள 'தலைப்பு' வசதியைப் பயன்படுத்துங்கள். சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், தட்டச்சு செய்து போடுங்கள். பதிவேற்றியதும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்தி நீங்கள் போட்ட கோப்பு வரை போய்ப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று உங்கள் பொறியாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.