ஊசி போடலேன்னா ரேஷன் கட் ஆகுமா?

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவனுக்கு 14-ஆவது வாரத்தில் ஊசி போட்ட அன்று ராத்திரியே காய்ச்சல் கொதித்து வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அதோடு அவன் அப்பத்தாவும் ஐயாவும், "இனி இந்தப் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் மாத ஊசியும் போடவில்லை, பிறகு வந்தவையும் போடவில்லை. போன வாரம் நர்சம்மா வந்து, "ஊசி போடலேன்னா ரேஷன் கட் ஆயிரும், போலீசுல எழுதிக் குடுத்துருவேன்" என்று சத்தம் போட்டார். மாமனார் கோபத்தில் கேட்டைச் சாத்திவிட்டார். பக்கத்துத் தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போனால், தடுப்பூசி அட்டை இல்லாமல் முடியாது என்கிறார்கள். மகப்பேறு உதவிப் பணத்திலும் ஒரு தவணை வரவில்லை. கணவரோ, "போட்டுவிடு, அடுத்த வருடம் உங்களை இங்கே கூட்டி வரணும்" என்கிறார். அரசாங்கம் இப்படிக் கட்டாயப்படுத்த முடியுமா? மதுரைக் கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, கைக்குழந்தைக்கு வலிப்பு வந்து விடிய விடிய மடியில் வைத்திருந்த தாய்க்குப் பயம் போகாது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்கிறேன். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் மகனைப் பிடித்து ஊசி குத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. ஊசி போடவில்லை என்பதற்காக ரேஷனை நிறுத்தவும் முடியாது, போலீஸ் வழக்குப் போடவும் முடியாது. ஆனால் பள்ளி, பணம், சிங்கப்பூர் மூன்றும் வேறு கணக்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் மதுரைக்குப் பஸ் ஏறாதீர்கள்.

எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கொரோனா தடுப்பூசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னது அது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய். ஒருவரின் உடம்பின் மேல் அவருக்கு உள்ள உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது, யாரையும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது என்றது நீதிமன்றம். பலர் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பகுதிதான் உங்களுக்கு முக்கியம்.

ஊரின் நலனுக்காகத் தனிமனித உரிமைக்கு அரசு வரம்பு கட்டலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதற்கு மூன்று சோதனை. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே கட்டுப்பாடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் 2017-இல் தனியுரிமை பற்றி ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து சொன்ன புட்டசாமி தீர்ப்பிலிருந்து வந்தவை. கொரோனா ஊசி போடாதவர்களை அங்கே வராதே, இங்கே வராதே என்று மாநிலங்கள் தடுத்தது மூன்றாவது சோதனையில் விழுந்தது. ஊசி போட்டவரை விடப் போடாதவர் நோயை அதிகம் பரப்புகிறார் என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை. அதனால்தான் தொற்று குறைவாக இருக்கும்வரை அந்தக் கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று, தனியார் நிறுவனங்களையும் கல்வி நிலையங்களையும் சேர்த்தே, நீதிமன்றம் சொன்னது. தடுப்பூசிக் கொள்கையே தவறு என்று அது சொல்லவில்லை.

நம் மாநிலத்திலும் 2021 நவம்பரில், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூனில், கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஊசி போட்ட பிறகே தொழிலுக்குத் திரும்பலாம் என்ற உத்தரவுகளைப் பார்த்து, வற்புறுத்தி ஊசி போடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று மேகாலயா உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிழைப்பைப் பறித்துச் சம்மதம் வாங்குவது சம்மதமே அல்ல என்பது என் கருத்தும்கூட.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். அவனுக்கு விட்டுப்போன ஒன்பதாம் மாத ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்களே, அதுதான் தட்டம்மை. இந்த ஊசி நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதையே தடுக்கிறது. பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மைப் பிள்ளை 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுக்கும் என்பது மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட கணக்கு. கொரோனா வழக்கில் அரசிடம் இல்லாத தரவு, தட்டம்மை வழக்கில் அரசின் கையில் நிறையவே இருக்கும். ஆகவே 2022 தீர்ப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜெயித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே மூன்று சோதனையை வைத்தே நாளை ஒரு நீதிபதி எதிர்ப்பக்கம் தீர்ப்பு எழுத முடியும்.

உங்கள் வழக்குக்கு நெருக்கமானது 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளிகளில் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பெற்றோரைக் கேட்காமலே போட அங்கே ஏற்பாடு நடந்தது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், நன்மையோடு பக்க விளைவுகளையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் தடுத்தது. டெல்லித் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதியின் முன் எடுத்து வைக்கலாம், மதிப்பு உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்த ஊசி முகாம் நடந்தபோது, வதந்தியைக் கேட்டுப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை. எதைப் போடுகிறோம், என்ன ஆகலாம், அப்படி ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி வந்திருக்காது.

என் அப்பத்தாவின் இடது கையில் ரூபாய் அளவு தழும்பு இருந்தது. அம்மை குத்த ஆள் வருகிறான் என்றதும் பிள்ளைகளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாம். மாரியம்மன் கோபிப்பாள் என்ற பயம். பெரியம்மை ஊசி அந்தக் காலத்தில் சட்டப்படியே கட்டாயம். 1980-இல் உலகத்தை விட்டே அந்த நோய் போய்விட்டது. ஆனால் இளம்பிள்ளை வாதத்தை இந்தியா விரட்டியது எந்தக் கட்டாயச் சட்டத்தாலும் அல்ல. 1995-இலிருந்து வீடு வீடாக, பஸ் ஸ்டாண்ட், திருவிழாக் கூட்டம் என்று சொட்டு மருந்துப் பெட்டியோடு ஆட்கள் நடந்தார்கள். மறுத்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இங்கே யாருக்கும் அந்த நோய் வரவில்லை. 2014 மார்ச்சில் சான்றிதழே கிடைத்தது. இதைச் சொல்வது நர்சம்மாவின் மிரட்டல் தேவையே இல்லாதது என்று காட்டத்தான்.

அந்த மிரட்டலுக்கு உங்கள் பதில் ஒரே கேள்விதான்: "எந்த அரசாணை, எண் என்ன, தேதி என்ன?" ரேஷனுக்கும் தடுப்பூசிக்கும் முடிச்சுப் போட்டால் முதல் சோதனையிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அதற்குச் சட்டமே கிடையாது. பதில் வாயால் வந்தால் போதாது. சிவகங்கை மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்துக்கு, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் இன்னொன்றும் கேளுங்கள்: என் மகனுக்கு 14-ஆவது வார ஊசிக்குப் பின் வந்த வலிப்பு தடுப்பூசிப் பாதிப்பாகப் பதிவானதா, விசாரிக்கப்பட்டதா? இதைப் பதிவு செய்யவும் ஆராயவும் மாவட்ட அளவில் குழு இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் விட்டுப்போயிருக்கக்கூடும். உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் இதுதான்.

போலீஸ் விஷயம். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவு வரும். உங்கள் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்று அப்படி ஓர் உத்தரவே இல்லாதபோது மீறல் ஏது? ஆனால் மாமனாரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். வேண்டாம் என்று சொல்வது குற்றமல்ல. வேலைக்கு வந்த நர்சம்மாவைத் தள்ளினாலோ, கையை ஓங்கினாலோ 132-ஆவது பிரிவில் வழக்கு வரும், அது பெரிய வழக்கு. ஒரு நர்ஸ் எத்தனை கிராமத்தைச் சுமக்கிறார் என்று நமக்குத் தெரியும். கேட்டைத் திறந்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துக் கேள்வியைக் கேளுங்கள்.

மகப்பேறுப் பணத்தில் எனக்கு உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் ஒரு பகுதியைக் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இருக்கும் உரிமையைப் பறிப்பது வேறு, ஓர் உதவிக்கு நிபந்தனை வைப்பது வேறு. ஊசி போடாமல் அந்தத் தவணையைக் கேட்டு வழக்குப் போட்டால் தோற்பீர்கள்.

பள்ளிக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது தடுப்பூசி அட்டை இல்லை என்று சேர்க்க மறுத்தால் நான் துணிந்து மனுப் போடுவேன். எல்கேஜிக்கு, அதுவும் தனியார் பள்ளிக்கு, அந்தப் பலம் இல்லை. அட்டையைக் காட்டச் சொல்வதும் தவறல்ல. "அட்டை முழுமையாக இல்லை, இதோ மருத்துவரின் கடிதம்" என்று கொடுத்த பிறகும் மறுத்தால், எழுத்தில் காரணம் கேளுங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) போகலாம். ஊரில் தட்டம்மை பரவும்போது ஊசி போடாத பிள்ளையைச் சில நாள் வீட்டில் வைக்கச் சொன்னால் மட்டும் எதிர்க்காதீர்கள். அது அளவுக்குட்பட்ட கட்டுப்பாடு, நீதிமன்றமும் அதை ஏற்கும்.

சிங்கப்பூர் இன்னும் தெளிவு. தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் குழந்தைகளுக்கு ஊசி போடுவது அங்கே சட்டப்படி கட்டாயம். வெளிநாட்டில் பிறந்த, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்குக் குடும்பப் பாஸ் கேட்டால், 2019 பிப்ரவரியிலிருந்து ஊசி போட்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் அதற்கு அங்கே தனி வழி உண்டு. நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கடல் தாண்டி அங்கே செல்லாது.

ஆக எல்லாம் ஒரே காகிதத்தில் போய் நிற்கிறது. உங்கள் மகனுக்கு வலிப்பு வந்தது ஐந்து நோய்களுக்கான ஊசி போட்ட அன்று. தட்டம்மை ஊசி வேறு மருந்து. அன்று வந்தது வெறும் காய்ச்சல் வலிப்பா, வேறு ஏதாவதா, மிச்ச ஊசிகளில் எதைப் போடலாம், எதைத் தவிர்க்கணும் என்பதை அப்பத்தாவும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். ஊசிவாரியாக எழுதி வாங்குங்கள். ஏதோ ஒன்றைப் போடக்கூடாது என்று அவர் எழுதினால், அதற்காக எந்த அலுவலகத்தோடும் நான் உங்களுக்காக வாதாடத் தயார். போடலாம் என்று எழுதினால், தயவுசெய்து போட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்கள் கையில் இருந்தாலும் உடம்பு அவனுடையது. பெற்றோருக்குள் கருத்து வேறுபட்டு வழக்கு வந்தால், நீதிமன்றம் உங்களையோ கணவரையோ பார்க்காது, பிள்ளையின் நலனை மட்டும்தான் பார்க்கும். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இப்போதைக்கு மதுரைக் கிளையில் மனுப் போட வேண்டாம். வாய்மிரட்டலை வைத்து ரிட் மனு, அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, நிற்காது. மறுப்பு எழுத்தில் வந்த பிறகுதான் நிற்கும். அப்படி வந்தால் வக்கீல் பீஸைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். போகும்போது மருத்துவரின் கடிதம், தகவல் மனுவின் நகல், பள்ளி எழுதிக் கொடுத்தது மூன்றும் கையில் இருக்கட்டும்.