காதுக்குறும்பி: காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: குளித்து வந்ததும் வலது காது அடைத்துக்கொண்டது. வலி இல்லை. வீட்டிலேயே சரி செய்யலாமா டாக்டர்? (மதுரை)

பதில்: குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும். செவிப்பறையில் ஓட்டை, சீழ், பழைய காது அறுவை சிகிச்சை எதுவும் இல்லையென்றால், ஆலிவ் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, காலையும் இரவும், நான்கைந்து நாள் விடுங்கள். சூடாக்க வேண்டாம். ஒருக்களித்து ஐந்து நிமிடம் படுத்திருங்கள். முதலில் அடைப்பு கூடியதுபோல் இருக்கும். பிறகு இளகி வெளியே வந்துவிடும். செவிக்குழாயின் தோலே வெளிநோக்கித்தான் நகர்கிறது, மெல்லும்போது தாடை அசைவும் உதவுகிறது. வரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். அடைப்போடு இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால் காத்திருக்காமல் அன்றே போங்கள். அது குறும்பியாக இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: தினமும் பட்ஸ் போடுகிறேன். ஆனாலும் அடைக்கிறதே?

பதில்: போடுவதால்தான் அடைக்கிறது. குறும்பி சுரப்பது குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே. செவிப்பறை ஓரம் அது கிடந்தால், அங்கே தள்ளியவர் நீங்கள்.

கேள்வி: ஊக்கு, கோழி இறகு?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆலிவ் எண்ணெய்க்கு அனுமதி, நல்லெண்ணெய்க்குத் தடையா? என் பாட்டி சனிக்கிழமைதோறும் பூண்டு தட்டிப் போட்டுக் கரண்டியில் காய்ச்சி ஊற்றுவார். (கும்பகோணம்)

பதில்: நல்லெண்ணெயும் இளக்கும். எந்தச் சொட்டும் மற்றதைவிட மேலானது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. என் சண்டை கரண்டியின் சூட்டோடு. அது குழாயைச் சுட்டுவிடும். பூண்டுத் துணுக்கு உள்ளேயே தங்கிவிடும். அடைப்பே இல்லாத காதில் வாரந்தோறும் எண்ணெய் எதற்கு? எண்ணெயும் ஈரமும் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பாட்டிக்குத் தொண்ணூறு வயதிலும் காது நன்றாகக் கேட்டது!

பதில்: மகிழ்ச்சி. அவர் செவிப்பறையில் ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பதே தெரியாத பலர் எண்ணெய் ஊற்றிக்கொண்டு சீழோடு வருகிறார்கள். பாட்டியை நான் குறை சொல்லவில்லை ஐயா, கரண்டியைத்தான்.

கேள்வி: கும்பகோணத்துக்காரர் சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டிலும்...

பதில்: எண்ணெய் வழக்கு முடிந்தது. அடுத்தவர்.

கேள்வி: குறும்பியை உறிஞ்சி எடுக்கும் என்று காதில் வைக்கும் மெழுகுவத்தி?

பதில்: எதையும் உறிஞ்சாது. காது வெந்துபோகும்.

கேள்வி: சர்க்கரை நோய் உண்டு. நானே தண்ணீர் பீய்ச்சலாமா?

பதில்: வேண்டாம். சிறு கீறலில் தொடங்கும் தொற்றுகூட உங்களுக்கு எலும்பு வரை பரவலாம். மருத்துவர் பார்த்து எடுக்கட்டும்.

கேள்வி: குழந்தை காதில் பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டான். எண்ணெய் விடலாமா?

பதில்: எதுவும் விடாதீர்கள். பேட்டரி சில மணி நேரத்திலேயே தோலை அரித்துவிடும். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள் அம்மா.