போரரும் கூகுளும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. அராபிகா ரகச் செடிகளில் தண்டைத் துளைக்கும் போரர் வண்டு விழுந்திருக்கிறது. கூகுளில் தேடினால் மருந்துக் கடைகளும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகளும்தான் வருகின்றன. கூடவே 'ரெடிட்' என்று, மக்கள் விவாதிக்கும் ஒரு இணையதளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடினால் நிஜ ஆட்கள் பேசுவது கிடைக்கும் என்கிறான் மகன். முகம் தெரியாதவர்கள் பேச்சைக் கேட்டு மருந்து அடிக்கலாமா?

– ஏற்காட்டு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொல்வது சரிதான். பலரும் அப்படித் தேடுவதைப் பார்த்துத்தானோ என்னவோ, 2022 செப்டம்பரில் கூகுள் அமெரிக்காவில் இத்தகைய விவாதங்களுக்கென்று தேடல் முடிவுகளில் தனிப் பகுதியே வைத்தது. 2024 பிப்ரவரியில் ரெடிட்டோடு ஒப்பந்தமும் போட்டது. ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று செய்தி. டீக்கடைப் பேச்சுக்கு வந்த விலையைப் பாருங்கள்!

விற்பவர் ஒரே பதிலோடு நிறுத்திக்கொள்வார். விவாதத்திலோ, 'அடித்தேன், கேட்கவில்லை' என்று இரண்டு மாதம் கழித்து ஒருவர் திரும்பி வருவார். 'உன் தோட்டத்தில் நிழல் எப்படி?' என்று இன்னொருவர் மடக்குவார். உங்கள் பிரச்சினைக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். நிழல் மரத்தைக் கண்டபடி கழித்து, தண்டில் வெயில் விழுந்தால் அந்த வண்டுக்குக் கொண்டாட்டம். அதன் புழு தண்டுக்குள் போய்விட்டால் மேலே அடிக்கும் மருந்து எட்டுவதில்லை. தண்டு வளையம் வளையமாகப் புடைத்து, இலை மஞ்சளான செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். அதையும் வண்டு பறக்கும் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் பருவங்களுக்கு முன்பே செய்துவிட வேண்டும். மிச்சச் செடிகளில் உரியும் பட்டையைத் தேய்த்தெடுக்கவும், தண்டுக்கு 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் அடிக்கவும் காபி வாரியம் சொல்கிறது.

ஆனால் ஆங்கிலத்தில் வெறும் 'காபி போரர்' என்று தேடினால் ஹவாய்க்காரரும் பிரேசில்காரரும் புலம்புவதுதான் வரும். அவர்கள் பேசுவது காய்த்துளைப்பான், வேறு பூச்சி. உங்களுடையது வெள்ளைத் தண்டு துளைப்பான், ஆசியாவின் தலைவலி. பேசுகிறவர் எந்த ஊர் என்று பார்க்காமல் எதையும் அடித்துவிடாதீர்கள். கிண்டலும் கலந்திருக்கும். 2024 மே மாதம் கூகுளின் ஏஐ, பீட்சாவில் சீஸ் நழுவாமலிருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. ரெடிட்டில் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன் யாரோ அடித்த ஜோக்கை அது நிஜம் என்று நம்பிவிட்டது.

சரி, சேர்வராயன் மலைக்காரர்கள் போரரைப் பற்றிப் பேசுவதே இல்லையா? நன்றாகவே பேசுகிறோம், வாட்ஸ்அப் குழுவில், வாய்ஸ் நோட்டாக! அது எந்தத் தேடுபொறிக்கும் எட்டாது. அடுத்த மழைக்குள் நமக்கே கிடைக்காது. தேடினால் கடைக்காரர் மட்டும் வருகிறார் என்றால், பாதிப் பழி நம் மேல்தான்.

அதனால் மகனிடம் சொல்லி, தோட்டத்தின் உயரம், செடியின் ரகம், நிழல், எந்த மாதம் எத்தனை செடி எடுத்தீர்கள் என்பதையெல்லாம் தமிழிலேயே, எல்லோரும் படிக்கும்படியான இடத்தில் எழுதி வையுங்கள். புடைத்த தண்டின் படம் ஒன்றும் போடுங்கள். அடுத்த பருவம் முடிந்ததும் அதே இடத்துக்குப் போய், சுண்ணாம்பு கேட்டதா இல்லையா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.