விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள்!

கேள்வி: அமெரிக்காவில் இருந்த மாமா எனக்கு 1881, 1921ஆம் ஆண்டுகளின் வெள்ளி டாலர்கள் இரண்டைக் கொடுத்தார். இரண்டும் கறுத்துவிட்டன. வெள்ளிச் சாமான்களைப் போல விபூதி போட்டுத் தேய்க்கலாமா? 1893ஆம் ஆண்டு ‘எஸ்’ டாலர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிச் சேர்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, தேய்க்கவே வேண்டாம். குங்குமச்சிமிழ் பளபளத்தால் அழகு. பழைய நாணயம் பளபளத்தால் மதிப்புப் போயிற்று. விபூதி விடும் நுண்ணிய கீறல்கள் பூதக்கண்ணாடியில் பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகு எதைச் செய்தும் பழைய முகம் திரும்பாது. விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

இரண்டும், ஜார்ஜ் மார்கன் வடிவமைத்ததால் அவர் பெயரைப் பெற்ற மார்கன் டாலராகத்தான் இருக்க வேண்டும். 1921 மட்டும், முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமைதியின் நினைவாக அந்த ஆண்டின் கடைசியில் வந்த ‘அமைதி டாலர்’ ஆகவும் இருக்கலாம். மார்கன் என்றால் கழுகுப் பக்கத்தில் இலைவளையத்துக்கு அடியில், அச்சான ஊரைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ, ‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ், ‘சிசி’ என்றால் கார்சன் சிட்டி, ‘டி’ என்றால் டென்வர். எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா. ஒரே ஆண்டு நாணயத்தின் விலை இந்த எழுத்தால் பல மடங்கு மாறும்.

1921 மார்கன் 8 கோடிக்கு மேல் அச்சானது; விலை அதிகம் போகாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். முதல் உலகப் போரின்போது நம் மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கினார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918இல் வெள்ளி டாலர்களை உருக்க அனுமதிக்கும் பிட்மன் சட்டம் அமெரிக்காவில் வந்து, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன; அதில் பெரும்பங்கு வெள்ளி இந்தியாவுக்காகத்தான். உருக்கியதை ஈடுகட்டவே 1921இல் மறுபடி அச்சடித்தார்கள். எந்த ஆண்டு நாணயம் எவ்வளவு உருகியது என்று கணக்கு வைக்கவில்லை. அதனால் அச்சான எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிது, மலிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

1893 ‘எஸ்’ அச்சானதே 1 லட்சம்தான். தேய்ந்த நாணயமே லட்சக்கணக்கில் விலை போகும்போது மலிவாக எப்படி வரும்? வேறு நாணயத்தில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி விற்கிறார்கள். நாணயம் அசல் வெள்ளி என்பதால் 26.73 கிராம் எடையும் சரியாகவே இருக்கும்; தராசை நம்பிப் பயனில்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் சோதித்து மூடிய பெட்டியில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். பெட்டியின் எண்ணையும் அவர்களுடைய இணையதளத்தில் சரிபாருங்கள்.

அந்தப் பணத்தில் 1922 அமைதி டாலர் ஒன்றை வாங்குங்கள். ஏராளமாக அச்சானது, எளிதாகக் கிடைக்கும். சிற்பி அந்தோணி டி பிரான்சிஸ்கி தம் மனைவி தெரசாவைப் பார்த்து வடித்த முகம் அதில் இருக்கிறது.