முடிவுரைக்குப் பின்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பன்னிரண்டு வயதில், கோடை விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தேன். வந்தியத்தேவனும் குந்தவையும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று பெரியப்பாவை நச்சரித்தேன். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதியிருக்கிறார், வாங்கித் தருகிறேன் என்றார். வாங்கித் தராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அந்த நூல் கண்ணில் பட்டது, வாங்கிவிட்டேன். ஆனால் இன்னும் பிரிக்கவில்லை. வேறொருவர் எழுதியதைப் படித்தால் என் வந்தியத்தேவன் மாறிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. படிக்கலாமா? அதற்கு முன் கல்கியை மறுபடி முழுவதும் படிக்க வேண்டுமா?

எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

படியுங்கள். கல்கியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் வந்த தொடர் 1954இல் முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டதால், அவர் ஒரு முடிவுரை எழுதினார். நீங்கள் பெரியப்பாவிடம் கேட்ட அதே கேள்விகளுக்கு அதில் சுருக்கமாக விடை சொல்லி, எஞ்சியதை இனி வரும் எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று விட்டுவைத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். எங்கள் வீட்டில் வாரப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்திருந்த பைண்டில் அந்த முடிவுரை இல்லை. கல்லூரி நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில்தான் அதை முதன்முதலாகப் படித்தேன். அத்தனை வருடம் மனத்துக்குள் நானே நடத்திவந்த கதையை ஒருவர் சில வரிகளில் முடித்துவிட்டாரே என்று அன்று அழுகை வந்தது. ஆகவே உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த நூலிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'தியாக சிகரம்'. கைக்கு வந்த மகுடத்தை அருள்மொழிவர்மன் உத்தம சோழனுக்குக் கொடுத்துவிடுகிறான். அதற்கப்பால் வரலாற்றில் இருப்பது காத்திருப்பு. 985இல் அவன் ராஜராஜனாக அரியணை ஏறும்வரை பத்தாண்டுக்கும் மேற்பட்ட காத்திருப்பு. குதிரையும் ஓலையும் சுரங்கப்பாதையும் நிறைந்த கதையைத் தொடர வருகிற எழுத்தாளர், விட்டுக்கொடுத்த ஒருவன் அந்த விட்டுக்கொடுத்தலோடு நாள்தோறும் எப்படி வாழ்ந்தான் என்பதை எழுதியாக வேண்டும். பன்னிரண்டு வயதில் அந்தப் பக்கங்களை நாம் தள்ளிவிட்டுப் போயிருப்போம். இப்போது அப்படிப் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் நீங்களும் இத்தனை காலம் காத்திருந்தவர்.

இன்னொன்று, அருள்மொழிவர்மனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலை. எந்தத் தொடர்ச்சியைக் கையில் எடுத்தாலும் அந்த முடிச்சு அவிழ வேண்டும் என்று நம் மனம் துடிக்கும். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமனையும் ரவிதாசனையும் அவர்கள் உடன்பிறந்தாரையும் சொல்லி, அவர்களுடைய நிலங்களைப் பற்றிய ஆணையைத் தருகிறது. நாவலில் நாம் நடுநடுங்கிப் படித்த ரவிதாசனின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால் அவர்களை ஏவியவர் எவரேனும் உண்டா என்பதைக் கல் சொல்லவில்லை. கல்கியும் அந்த இடத்தில் திரையை முழுதாக விலக்கவில்லை. என் வரையில், அதை விலக்கிக் காட்டும் தொடர்ச்சியைவிட, அந்த இருளைச் சுமந்துகொண்டே வாழும் தங்கை குந்தவையைக் காட்டும் தொடர்ச்சிதான் மேலானது.

வேறொரு கை எழுதியது என்பதற்காகத் தயங்க வேண்டாம். இளங்கோவடிகள் விட்ட இடத்திலிருந்து மாதவியின் மகளைச் சாத்தனார் அழைத்துக்கொண்டு போனார். மணிமேகலையில் வரும் மாதவி துறவு பூண்டவள். அதனால் சிலம்பில் கடலாடும் மாதவிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. உங்கள் வந்தியத்தேவனும் அப்படியே இருப்பான்.

ஐந்து பாகங்களையும் மறுபடி படிக்க வேண்டாம். படித்தால் கல்கியின் நடை காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும், விக்கிரமனின் குரலுக்கு இடம் இருக்காது. பெரியப்பா வீட்டில் படித்தது எவ்வளவு நினைவில் நிற்கிறதோ அவ்வளவு போதும். முடிவுரையை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு, அன்றிரவே 'நந்திபுரத்து நாயகி'யைப் பிரித்துப் படியுங்கள்.

அன்புடன்.