ஸ்கேல் தொடாமல் ஸ்கெட்ச்: கேள்வி பதில்

ஸ்கேல், காம்பஸ் இல்லாமல் வெறுங்கையால் பொறியியல் படம் போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், எவ்வளவு முயன்றாலும் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. என் கை நடுங்குகிறதா?

கையில் குறையில்லை தம்பி, கண்தான் தப்பான இடத்தில் இருக்கிறது. பென்சில் முனையையே பார்த்துக்கொண்டு போனால் நெளியத்தான் செய்யும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டு, பார்வையை முடிவுப் புள்ளியில் நிறுத்துங்கள். முனையிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு போதும். நீளக் கோட்டுக்கு முழங்கையும் தோளும் அசைய வேண்டும். ரொம்ப நீளம் என்றால், நடுநடுவே துளி இடைவெளி விட்டுத் துண்டுதுண்டாக இழுங்கள். லேசான நெளிவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், திசை மாறாமல் இருந்தால் சரி.

நான் இடதுகைக்காரன். படுக்கைக் கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது?

வலமிருந்து இடமாக. எந்தக் கைக்காரராக இருந்தாலும் தாளை மேசையில் ஒட்டிவிடாதீர்கள். கைக்கு வசதியான பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வருகிறது!

எல்லாருக்கும் முதலில் அதுதான் வரும். மையக்கோடுகள் இரண்டைக் குறுக்கே போட்டு, அவற்றைச் சுற்றி லேசாக ஒரு சதுரம் வரையுங்கள். பக்கங்களின் நடுப்புள்ளிகள் நான்கில் வட்டம் சதுரத்தைத் தொடும். பெரிய வட்டத்துக்கு இது போதாது, மூலைவிட்டங்களையும் போடுங்கள். மையத்திலிருந்து மூலை வரையுள்ள தூரத்தைப் பத்தாகப் பிரித்தால், வட்டம் ஏழாவது பங்கில் வெட்டும். அங்கேயும் குறி வைத்தால் எட்டுப் புள்ளி கிடைத்துவிடும். அவற்றைச் சின்னச் சின்ன வில்லாகச் சேருங்கள், ஒரே சுழற்றில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. சதுரமே பிடிக்கவில்லையா? ஒரு காகிதத் துண்டில் ஆரத்தைக் குறித்து, மையத்தைச் சுற்றி நகர்த்திப் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள்.

பொருளின் மூன்று முகங்களும் ஒன்றாகத் தெரியும் ஐசோமெட்ரிக் படத்தில், சாய்கோட்டின் 30 டிகிரியைக் கண்ணால் எப்படிப் பிடிப்பது? துளைகளும் கோணலாக வருகின்றன.

பக்கவாட்டில் 7 பங்கு போய் 4 பங்கு மேலே ஏறுங்கள். 30-க்கு மயிரிழைதான் குறையும். துளைக்கு, சதுரத்துக்குப் பதில் சாய்சதுரம். அதன் நான்கு பக்க நடுப்புள்ளிகளையும் தொடுகிற மாதிரி நீள்வட்டம் போடுங்கள், முனைகள் கூராகக் கூடாது. துளையின் அச்சுக்கு நீள்வட்டத்தின் நீளமான அச்சு செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல்முகத்துத் துளை என்றால் அந்த நீள அச்சு படுக்கையாகக் கிடக்கும். கோணலெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது.

பார்ட்டை அளந்து, அதே அளவில்தான் வரைய வேண்டுமா?

வேண்டாம், விகிதம் போதும். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கா, இரண்டரையா என்று முதலில் பார்த்து, மொத்தப் பார்ட்டும் அடங்குகிற பெட்டியை வரையுங்கள். விவரமெல்லாம் அப்புறம். ஆரம்ப காலத்தில் நான் ஒரு பிராக்கெட்டை அதன் போல்ட் துளையிலிருந்து தொடங்கினேன். துளை அருமையாக வந்தது, பிராக்கெட்டின் மறுமுனைதான் தாளுக்கு வெளியே போய்விட்டது! வெர்னியர் அளவுகோலில் எடுத்த அளவுகளைப் படத்தின் மேல் எழுதிவிடுங்கள்.

எந்தப் பென்சில்?

முதலில் லேசாகப் போட்டுக்கொள்ளும் அடிக்கோடுகளுக்கு 2எச், கடைசியில் அழுத்த எச்பி. அடிக்கோடு லேசாக இருந்தால் ரப்பரே தேவைப்படாது. வெளிக்கோடு, மறைகோட்டையும் (கண்ணுக்குத் தெரியாத விளிம்பைக் காட்டும் கோடு) மையக்கோட்டையும் போல இரு மடங்கு தடிமனாகத் தெரியட்டும்.

கைப்படத்தில் ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா?

பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரண்டு முறைகள் இவை. உங்கள் இடத்தில் எது வழக்கமோ அது. ஃபர்ஸ்ட் ஆங்கிளில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். தேர்ட் ஆங்கிளில் மேலே. அவசர ஸ்கெட்ச்தானே என்று, எந்த முறை என்று காட்டும் வெட்டுக்கூம்புக் குறியை விட்டுவிடாதீர்கள். மாற்றிப் படித்துவிட்டால், இடப்பக்கம் இருக்க வேண்டிய காடி (நீளப் பள்ளம்) வலப்பக்கம் வெட்டப்பட்டு வந்து நிற்கும்.