வீடற்ற இளைஞர்களுக்கான உதவித் திட்டங்களைப் பயன் தரும் வகையில் நடத்துவது எப்படி?

சென்னையை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன். இங்குள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வலராகப் பாடம் சொல்லிக்கொடுப்பதால், அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதை ஓரளவு அறிவேன். அவர்கள் பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு தேடிப் போகும் திட்டத்தைவிட, 16 வயதிலேயே தொடங்கும் திட்டத்துக்குத்தான் பலன் அதிகம் என்பது என் முடிவு.

18 வயது முடியும்வரை குழந்தைகள் நலக் குழு, இல்லம், 1098 உதவி எண் என்று ஏதோ ஒன்று அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் பிறகும் கைவிடக் கூடாது என்பதற்காகவே 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 21 வயதுவரை பின்பராமரிப்புக்கு இடம் தந்திருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் வழிகாட்டுதல்கள் இதற்கென மாதம் 4,000 ரூபாய் குறிப்பிடுகின்றன. அந்தத் தொகை ஒரு பகிர்வு அறையின் வாடகைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது என்பதைச் சென்னையில் தனியாகத் தங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவுக் காப்பகங்களோ, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் இடம் என்ற கணக்கில், பெரும்பாலும் பெரியவர்களை எண்ணி அமைக்கப்பட்டவை. முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் நடுவே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு நாள் படுப்பான். மூன்றாம் நாள் இருக்க மாட்டான்.

ஆகவே திட்டத்தின் முதல் வேலை, சலிப்பூட்டும் வேலைதான் என்றாலும், ஆவணங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் ஆகியவை பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே கைக்கு வந்துவிட வேண்டும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். இது கல்லூரிச் சேர்க்கையையே மாற்றிவிடக்கூடிய சலுகை. ஆனால் இல்லத்தின் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு வாரத்தில் முடிகிற இந்தக் காரியம், வெளியே வந்து நிரந்தர முகவரி இல்லாமல் அலையும்போது எத்தனை மாதம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது அறை. வாடகை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னாலும், அதற்கு மேல் கேட்கும் வீட்டுக்காரர்கள் குறையவில்லை. பணம் இருந்தாலும், ‘அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது’ என்ற கேள்வியில் பேச்சு முறிந்துவிடுகிறது. எனவே தொண்டு நிறுவனமே தன் பெயரில் வீடெடுத்து, மூன்று நான்கு பேரை அதில் குடியமர்த்தி, முதல் ஆறு மாதம் வாடகையில் பெரும்பங்கைத் தானே செலுத்தி, பிறகு சிறிது சிறிதாக அவர்கள் பொறுப்புக்கு மாற்றுவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. கட்டுப்பாடுகள் குறைவாக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டும் விடுதியில் தங்கிக்கொண்டு ஓட்டலிலோ உணவு டெலிவரியிலோ வேலை பார்க்க முடியாது.

பெண்களின் நிலை வேறு. அவர்கள் தெருவில் கண்ணில் படுவதில்லை. உறவினர் வீட்டிலும், தங்க இடம் தரும் வீட்டு வேலையிலும், அவசரத் திருமணத்திலும் மறைந்துபோகிறார்கள். திருமணம் செய்துவைத்ததையே மறுவாழ்வாகக் கணக்கெழுதும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பணிபுரியும் பெண்களுக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகளில் இவர்களுக்குச் சில இடங்களைக் கட்டணச் சலுகையோடு ஒதுக்குவது புதிதாகக் கட்டடம் எழுப்புவதைவிட எளிது.

வேலைவாய்ப்புப் பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசுவதால் விட்டுவிடுகிறேன். பயிற்சி கிடைத்தவன் வேலையை இழப்பது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுக்கவும், மேலாளரிடம் விடுப்புச் சொல்லவும் ஆளில்லாததால்தான். ஆகையால் ஒவ்வோர் இளைஞனுக்கும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மாறாத ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஒருவர் பதினைந்து பேருக்கு மேல் கவனிக்க முடியாது என்பது என் அனுபவக் கணிப்பு. நிதி தருபவர்கள் இந்தச் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று முதலில் வெட்டுகிறார்கள். அவர்களிடம் கொடுக்கும் அறிக்கையில் எத்தனை பேருக்குப் படுக்கை தந்தோம் என்பதோடு, ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே அறையிலோ அதைவிட நல்ல அறையிலோ இருக்கிறார்கள் என்பதையும் எழுதினால், அந்தச் சம்பளத்துக்கான நியாயம் அவர்களுக்கே புரியும்.